ராத்தாவின் முதலாண்டு பிரெஞ்சு

எங்கள் வீட்டுக்குள் பிரெஞ்சு நுழைந்தது ராத்தாவின், அதாவது என் அக்காவின், கல்யாணப் பேச்சோடுதான். அதுவரைக்கும் கீழக்கரையில் எங்கள் தெருவுக்கு வெளிநாடு என்றால் துபாய், சவூதி, கத்தார், எப்போதாவது மலேசியா. அங்கே போகிற ஆண்களுக்குக் கொஞ்சம் அரபியும் கொஞ்சம் இந்தியும் போதுமாக இருந்தது. பெண்கள் எங்கேயும் போகப்போவதில்லை என்பதால் அவர்களுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், இரண்டு மாதம் இருப்பார், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெண் இருந்த இடத்திலேயே இருப்பாள். வாப்பா அப்படித்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வெகுநாள் வரை நான் அவரை ஒரு விருந்தாளி என்றே நினைத்திருந்தேன். வந்தால் விதவிதமாகச் சமையல் நடக்கும், போனால் உம்மா ஒரு வாரத்துக்கு யாரோடும் சரியாகப் பேசமாட்டாள்.

ராத்தாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை வாப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை மகன். எங்களுக்கு அந்த அம்மா மாமி, மாப்பிள்ளை மச்சான். பாரிஸில் செல்போன் கடை வைத்திருந்தார். பேச்சு முடிந்த அன்றைக்கே போனில் சொன்னாராம், பெண்ணைப் பிரெஞ்சு படிக்கச் சொல்லுங்கள், விசாவுக்கு நல்லது, இரண்டு வருடத்தில் கூட்டிக்கொள்கிறேன் என்று. ராத்தா அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். மறுநாளே போய்த் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளுக்குப் பாரிஸ் மேல் அப்படியொன்றும் மோகம் இல்லை. "நா உம்மா மாதிரி போனப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்க மாட்டேன். அவுக எங்கன இருக்காகளோ அங்கன நானும் இருப்பேன்," என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியவில்லை. அவள் போய்விட்டால் அவளுடைய கட்டில் எனக்கு என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பாடப்புத்தகத்தில் எல்லாமே இரண்டு பேர் பேசிக்கொள்வதாக இருந்தது. ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்லவேண்டும். ராத்தாவுக்கு எதிராளி தேவைப்பட்டதால் நான் மாட்டிக்கொண்டேன். அவள் வரிகளுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதித் தருவாள், நான் அதைப் பார்த்து ஒப்பிப்பேன். முதல் பாடம் வணக்கம் சொல்வது, போன்ழூர். இரண்டாவது, என் பெயர் இன்னது, உங்கள் பெயர் என்ன. மூன்றாவது எண்கள். அதில்தான் வீடே சிரித்தது. எண்பது என்பதற்கு அவர்களிடம் தனிச் சொல் கிடையாதாம், நாலு இருபது என்பார்களாம். தொண்ணூறு என்றால் நாலு இருபதும் ஒரு பத்தும். "இந்தக் கணக்க வச்சுக்கிட்டு இவனுக எப்புடிக் கடை நடத்துறானுக?" என்று உம்மா கேட்டாள். யாவாரம் பண்ணுகிற ஊர்க்காரிக்கு அது உண்மையான சந்தேகம்.

மேசை பெண்பால் என்றும் புத்தகம் ஆண்பால் என்றும் வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. நம்மைப் போலவே அவர்களுக்கும் நீ என்றும் நீங்கள் என்றும் தனித்தனியாக உண்டு என்று தெரிந்ததும் உம்மாவுக்கு அந்த நாட்டின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனால் சந்திக்கிறவர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்கிற படத்தின் மேலும், ஹோட்டல் மேசையில் இருந்த ஒயின் கிளாஸின் மேலும் அவள் பழைய காலண்டர் தாளை வெட்டிச் சோறு தடவி ஒட்டிவிட்டாள். பன்றிக்கறி வருகிற வரியை ராத்தாவே பேனாவால் அடித்துவிட்டு அந்த இடத்தில் மீன் என்று எழுதிக்கொண்டாள். மின்விசிறி ஓடியும் வேர்வை வழிகிற மத்தியானத்தில் நாங்கள் இருவரும், வெளியே பனி பெய்கிறது, ஆமாம் மிகவும் குளிராக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருப்போம்.

குடும்பம் பற்றிய பாடம்தான் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அவளுக்குப் பதினெட்டு வயது. என் கணவரின் பெயர் பியேர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மாதங்களின் பெயரையும் மூச்சு விடாமல் சொல்வேன். ராத்தாவுக்குத் தொண்டையிலேயே நின்றுபோகிற ஒலிகள் எனக்குச் சுலபமாக வந்தன. அவள் பொறாமைப்படாமல் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ஒரு சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு மௌத்து. உம்மா அந்தச் சாவு வீட்டுக்குப் போயிருந்தாள். ராத்தாவுக்குக் காலேஜ் இருந்தது. எனக்கு லேசான காய்ச்சல் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கச் சொன்னார்கள். சார்ஜில் கிடந்த உம்மாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் மச்சானின் நம்பர். வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுகிறவர் சனிக்கிழமை எதற்குக் கூப்பிடுகிறார் என்று எடுத்து சலாம் சொன்னேன்.

பேசியது ஒரு பெண். பதில் சலாம் சொல்லிவிட்டுப் பிரெஞ்சில் படபடவென்று என்னவோ கேட்டாள். கோபக் குரல். எனக்கோ பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். புத்தகத்துக்கு வெளியே பிரெஞ்சு பேசுகிற ஒரு ஆள் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறாள். போன்ழூர் மதாம் என்றேன். என் பெயர் சொன்னேன், எனக்கு ஒன்பது வயது என்றேன், இந்தியாவில் இருக்கிறேன் என்றேன்.

அவள் குரல் மாறியது. சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள். உனக்கு அக்கா இருக்கிறாளா? இருக்கிறாள், பதினெட்டு வயது. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லை, டிசம்பரில். யாரோடு? நான் மச்சானின் பெயரைச் சொன்னேன், முழுப் பெயரையும்.

அதற்குப் பிறகு அவள் சொன்னவை எல்லாம் என் பாடத்தில் இருந்த வரிகள்தாம். தன் பெயர் சொன்னாள். தன் கணவரின் பெயர் சொன்னாள், நான் சொன்ன அதே முழுப் பெயர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. புரிகிறதா என்று கேட்டாள். ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரிகிறது மதாம் என்றேன். பாடத்தில் அந்த இடத்தில் என்ன வருமோ அதையும் விடாமல் சொன்னேன், உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி என்று. அவள் அழுதாளா, சளி பிடித்திருந்ததா தெரியவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

நான் அவள் சொன்னதையெல்லாம் மறக்குமுன் நோட்டில் எழுதிவைத்தேன். உம்மா வந்து குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது நோட்டும் கையுமாகப் போய் நின்றேன். அவள் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னாள். மூன்று முறையும் ஒரே மாதிரி சொன்னேன். அப்புறம்தான் எனக்கே சந்தேகம் வந்து, "அப்ப மச்சானுக்கு அங்கன வேற பொண்டாட்டி இருக்கா உம்மா?" என்று கேட்டுவிட்டேன். உம்மா அதுவரை என்னை அடித்ததே இல்லை. அன்றைக்கு விழுந்த அறையில் காது கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

உம்மா போன் போட்ட கால் மணி நேரத்தில் மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். இருவரும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாமியின் குரல் தணிந்தே இருந்தது. உம்மாவின் குரல் ஒரே ஒருமுறை உயர்ந்தது. "பேப்பருக்காகவா? ரெண்டு புள்ளையுமா பேப்பருக்காக?" என்ன பேப்பர் என்று எனக்கு அப்போது புரியவில்லை, அந்த நாட்டிலேயே தங்குவதற்கான குடியுரிமைப் பேப்பர் என்று பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்த மாமி என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துத் தலையைத் தடவினார். "அது மச்சான் குடியிருக்குற வீட்டுக்காரி தாயீ. அவ புருசனுக்கும் அதே பேரு. நம்மாளுகள்ல பாதிப் பேருக்கு அந்தப் பேருதான?" என்றார். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாலு பாடம் படிச்ச புள்ளைக்கு என்ன தெரியும்? தப்பாக் கேட்டுப்புட்டு வந்து குடியக் கெடுக்கப் பாக்குறா. ராத்தாகிட்ட இதச் சொன்ன, காலேஜே சிரிக்கும் ஒன்னப் பாத்து," என்றாள். நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மாமி உம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "அவ அங்கன கெடக்கா. ஒம் மக இங்கன, ஒன் வீட்டுல, ஒங் கண்ணு முன்னால இருக்கப் போறா. ஒருத்தி மொகத்த ஒருத்தி பாக்கவா போறாளுக?" உம்மா தலையை ஆட்டினாள் என்றுதான் ஞாபகம். வீட்டுக்காரி அங்கே இருந்தால் நமக்கென்ன என்று நானும் நினைத்தேன். ராத்தா பாரிஸுக்குப் போகப்போகிறவள் ஆயிற்றே, எப்படி இங்கேயே இருப்பாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் ராத்தா வந்து என் கன்னத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். பிரெஞ்சைத் தப்பாகச் சொன்னேன், உம்மா அடித்துவிட்டாள் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உம்மாவுக்கு எப்படித் தெரிந்தது சரியா தப்பா என்று கேட்டாள். அப்புறம் என் கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, "நாளைக்குச் சரியாச் சொல்லித் தாரேன்," என்றாள். நான் அழுதேன். எனக்குப் பிரெஞ்சு வரவில்லையே என்று அழுதேன். மறுநாள் புத்தகத்தைத் திறக்கச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டேன். மூன்று மாதமாக நான் புரிந்துகொண்டதாக நினைத்ததெல்லாம் தப்பு என்றால் இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது?

ராத்தா முதலாண்டில் முதல் வகுப்பில் தேறினாள். இரண்டாம் ஆண்டு பிள்ளை உண்டானதில் படிப்பு நின்றது. விசா இன்றுவரை வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. மூன்றாம் வருடம் யாரோ முகநூலில் போட்ட ஒரு பிறந்தநாள் படத்தில் மச்சானையும் அந்தக் குடும்பத்தையும் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். உம்மாவிடம் ஒரே ஒருமுறை கேட்டாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். மச்சான் வருகிறார், போகிறார். எங்கள் தெருவில் நல்ல மாப்பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, நாலு பேர் மனைவியைக் கையோடு கூட்டிக்கொண்டும் போயிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். உம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, சர்க்கரை, நான்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். ஆனாலும் அவள் மேல் இருக்கிற ஆத்திரம் எனக்கு ஆறவில்லை. அந்தப் போனை எடுத்தது நான் என்று ராத்தாவிடம் சொல்கிற தைரியமும் இன்னும் வரவில்லை.

அந்த டிசம்பரில் நிக்காஹ் முடிந்த மறுநாள் விருந்து. மச்சான் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமி. உம்மா இனிப்புக்கு வட்டலப்பம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ராத்தா பட்டும் நகையுமாகக் கதவோரம் நின்றிருந்தாள். மச்சான் என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார்த்திக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி, மெதுவாகக் கேட்டார், உனக்குப் பிரெஞ்சு புரியுமா என்று. பிரெஞ்சில்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாது மச்சான்," என்றேன்.

"பொய் சொல்றா! என்னைய விட நல்லாப் பேசுவா," என்றாள் ராத்தா. "அவளுக்கு ஒண்ணுந் தெரியாது," என்றாள் உம்மா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. ராத்தா வெட்கத்தை விட்டு, தன் புருஷனிடம் முதன்முதலாக நாலு பேர் முன்னால் வாய் திறந்து, எனக்குக் கொஞ்சம் புரியும், எனக்குப் பாரிஸ் பார்க்க ஆசை என்று பிரெஞ்சில் சொன்னாள். ஒரு பிழை இல்லை. "போதும் போதும், இங்கன தமிழ்லயே பேசு," என்று மச்சான் உரக்கச் சிரித்தார். மாமி சிரித்தார், உம்மாவும் சிரித்தாள். மச்சான் என் கையில் ஒரு பெரிய சாக்லேட் பெட்டியைக் கொடுத்தார். என் பிரெஞ்சின் லட்சணத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று கூனிக் குறுகிக்கொண்டு, ஒரு சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு நானும் சிரித்துவைத்தேன். ராத்தாவும் முகம் சிவக்க எங்களோடு சேர்ந்து சிரித்தாள். அந்தக் கூடத்தில் விஷயம் தெரியாமல் சிரித்தவர்கள் பிரெஞ்சு படித்த நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.