கோட்டின் மேல் இரண்டு பூச்சு

மழை பெய்தால் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வருமா?

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னேன். இன்று ஒரு பெண் குழந்தைக்கு அம்மாவாகி, அந்த வீட்டுக்கே சொந்தக்காரியும் ஆகிவிட்ட பிறகு, அதே கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வடசென்னையில் டோல்கேட் அருகே மளிகைக் கடை போட்டவர். கடை லாபத்தை அவர் நகையாக்கவில்லை, வீடாக்கினார். முதலில் கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளை வாங்கினார். ஒன்றில் நாங்கள் இருந்தோம், மற்றதை வாடகைக்கு விட்டார். அந்த வாடகையைக் காட்டிக் கடன் வாங்கி அடுத்ததைப் பிடித்தார். வீடு என்று அவர் சொல்லவே மாட்டார், கதவு என்பார். "இப்போ நமக்கு நாலு கதவுட்டி" என்று என் நான்கு விரல்களைப் பிடித்துக் காட்டுவார். நான்கு கதவுகளில் நல்ல கதவுகளெல்லாம் வாடகைக்குப் போய்விட்டன. தாழ்ப்பாள் விழாத கதவு எங்களுக்கு.

வீடு வாங்க அப்பா ஒரு காலம் வைத்திருந்தார். பெருமழை ஓய்ந்து பத்து நாள் கழித்து மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தாழ்வான தெருக்களில், துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல, ஒவ்வொரு வாசலாக நின்று பேசுவார். வீட்டுச் சாமான்களைத் தெருவில் காயவைத்துக்கொண்டிருப்பவர்கள் விலையில் அதிகம் பிடிவாதம் செய்வதில்லை.

ஐந்தாவது கதவு அப்படித்தான் வந்தது. சடையங்குப்பம் போகிற வழியில் ஒரு தெருக்கோடி. ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் குளியலறை. முதல் நாள் நான் உள்ளே போனபோது என்னைக் கவர்ந்தது சுவரிலிருந்த கோடு. என் இடுப்புக்குச் சற்று மேலே, நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோலப் பழுப்பு நிறத்தில் ஓடியது. அழகுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"தண்ணி நின்ன மட்டம்டி அது" என்றார் அப்பா.

ஆள் வைத்தால் கூலி என்பதால் நாங்களே வெள்ளையடித்தோம். மேலே அப்பா, கீழே நான். கோடு என் உயரத்தில் இருந்ததால் அது என் பங்குக்கு வந்தது. ஒரு பூச்சு காய்ந்ததும் கோடு மறுபடி மங்கலாகத் தெரிந்தது. இன்னொரு பூச்சு அடித்தேன். போய்விட்டது. அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார்.

வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. அப்பா "வராது" என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"யாராவது கேட்டா நீ சொல்லணும் என்ன? தண்ணி வராதுன்னு."

"பிள்ளைய எதுக்கு இதுல இழுக்கிய?" என்றாள் அம்மா.

"பிள்ள சொன்னாத்தான் நம்புதாவ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அக்காவும் அவள் கணவரும் வந்தார்கள். ராயபுரத்துக்காரர்கள். கணவர் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். அக்காவுக்கு ஏழு மாதம். அவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள், மூலையில் குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு என் முன்னால் சிரமப்பட்டுக் குந்தினாள்.

"பாப்பா, நீ சொல்லு. மய பேஞ்சா வூட்டுக்குள்ள தண்ணி பூந்துருமா?"

"இன்னாமே, ஓனரு நிக்கறாரு, அவராண்ட கேக்காம கொயந்தையாண்ட கேட்டுகினு கீற?" என்றார் கணவர்.

"அண்ணாச்சி வியாபாரம் பேசுவாரு. கொயந்த பொய் சொல்லாது. நீ சொல்லு பாப்பா."

"வராதுக்கா" என்றேன். "இங்க வரவே வராது."

அவள் என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணவரிடம், "சரி, பேசி முடி" என்றாள். திரும்பும் வழியில் அப்பா எனக்கு ரோஸ் மில்க் வாங்கித் தந்தார்.

வாடகை வாங்கப் போகும்போதெல்லாம் அப்பாவோடு நானும் போவேன். குடிவந்த அன்றே அந்த அக்கா கட்டில் கால்களுக்கும் பீரோவுக்கும் அடியில் மும்மூன்று செங்கல் அடுக்கியிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "பெருக்கறதுக்கு ஈஸியா கீது பாப்பா" என்று சிரித்தாள். தையல் மிஷின் மட்டும் தரையிலேயே நின்றது. செங்கல் மேல் ஏற்றிவிட்டால் உட்கார்ந்து மிதிக்கக் கால் எட்டாது. எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பீஸ் கணக்கில் தைத்துக் கொடுத்த மிஷின் அது. வெட்டுத்துணியில் என் பொம்மைக்கு ஒரு பாவாடையும் தைத்துத் தந்தாள்.

அடுத்து வந்த மழைக்காலம் ஏமாற்றியது. நான் வராது என்று சொன்னதால்தான் வரவில்லை என்று உள்ளூர நம்பினேன்.

மறு வருடம் மூன்று நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள், வடிந்த பிறகு, அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பிள்ளை கூட இருந்தால் யாரும் சத்தம் போடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கட்டில் செங்கல் மேலேயே நின்றது, மெத்தை ஊறிப் பருத்திருந்தது. மிஷின் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையில் சேறு அடைத்திருந்தது. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். வெள்ளம் வந்த விடியற்காலையில் கணவர் லாரியோடு வெளியூரில் இருந்திருக்கிறார்.

"ஒரு கையில கொயந்த, ஒரு கையில மிஷினா? இன்னா பண்ணுவேன் சொல்லு அண்ணாச்சி. கொயந்தையத் தூக்கிகினு பக்கத்து வூட்டு மாடிக்கு ஓடினேன்."

அப்பா உச்சுக்கொட்டினார். அந்த உச்சுக்கொட்டல் பொய்யில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த மாதமே அவர்கள் காலி செய்தார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையை அப்பா பிடித்துக்கொண்டார். சென்னையில் யார் காலி செய்தாலும் பிடிப்பதுதான்.

"இன்னா அண்ணாச்சி, தமாஷ் பண்றியா? சொவுத்த கலீஜ் பண்ணது வெள்ளம். துட்டு என்னாண்டயா? போய் அதாண்ட கேளு" என்றார் கணவர்.

"ஊர் வழக்கம்தான தம்பி. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"வுடுய்யா, வா" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கன்னத்தைத் தொட்டு, "உம்மேல தப்பு இல்ல பாப்பா. நான் தெரிஞ்சுதான் கேட்டேன்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு விழவில்லை என்ற நிம்மதி மட்டும் இருந்தது.

அந்தப் பணத்தில் சுண்ணாம்பு வாங்கி மறுபடி வெள்ளையடித்தோம். நான் வளர்ந்திருந்தேன். கோடும் வளர்ந்திருந்தது, இந்த முறை நெஞ்சளவு. இரண்டு பூச்சு அடித்தேன்.

அப்பாவுக்கு இப்போது பதினோரு கதவுகள். என் கல்யாணத்தின்போது ஐந்தாவதை என் பெயரில் எழுதிக் கொடுத்தார். அதன் வாடகை என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்குச் சரியாகப் போகிறது. "ஆரம்பிச்சாச்சுல்ல, இதை வெச்சு இன்னொண்ணு வாங்கிடலாம்" என்கிறார் என் கணவர். போன மாதம் பழைய குடித்தனக்காரர் காலி செய்தார். பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையை நானும் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று தோன்றியது. எல்லோரும் செய்வதுதானே என்றும் தோன்றியது. கடைசியில் பிடித்துவிட்டேன்.

போன ஞாயிறு ஒரு பெண் கணவனோடு வீடு பார்க்க வந்தாள். கைக்குழந்தைக்காரி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு, என் ஆறு வயது மகளிடம் குனிந்தாள்.

"செல்லம், இங்க மயத் தண்ணி வருமாடா?"

என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான் முந்திக்கொண்டு, "இப்போ ரோட்டை உயர்த்திப் போட்டுட்டாங்கம்மா" என்றேன். அது உண்மை. ரோடு உயர்ந்ததில் வீடு இரண்டு படி பள்ளத்துக்குப் போய்விட்டது என்பதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை.

அவள் ரோட்டைப் பார்த்தாள், நிலைப்படியைப் பார்த்தாள். "சரிக்கா, வர ஞாயித்துக்கெயம அட்வான்ஸோட வரோம்" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பிக் கேட்டாள்:

"பின்னாடி கொஞ்சம் செங்கல் கீதே, யார்துக்கா? நான் எடுத்துக்கவா?"

இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று, அந்த அக்கா சொன்னது எனக்குப் புரிய. அவள் என்னை நம்பிக் குடிவரவில்லை. வேறு எங்கும் அந்த வாடகைக்கு வீடு கிடைக்காது என்று தெரிந்து, செங்கலையும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும், வராது என்று யாராவது ஒருவர் சொல்ல அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது. மகளுக்கு ஜுரம் வந்தால் நானும் நர்ஸிடம் "ஒண்ணும் ஆகாதுல்ல சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் அவருக்குத் தெரியாது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

இது புரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதியும் இல்லை. அவளுக்குத் தெரியும் என்பதால் என் பொய் குறைந்துவிடுமா? வரும் என்று சொன்னால் இப்போது வந்திருக்கிற பெண் எங்கே போவாள்? விற்கலாம் என்றால், வாங்குகிறவரும் இரண்டு பூச்சு அடிப்பார். தரையை உயர்த்தக் கையில் பணமில்லை. வாடகையைக் குறைத்தால் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லை.

வாடகைக்கு இருந்தவர்களும், வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மறுபடி என் மகளிடம் கேட்பாள். என் மகள் மறுபடி என் முகத்தைப் பார்ப்பாள். அப்போது என் முகத்தை நான் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?