பொறுக்கிப் போட்ட சாம்பிள்

போடியில் ஏலக்காய் விற்கப் போகிறவர் சாம்பிள் பையில் காயை அள்ளிப் போடமாட்டார், பொறுக்கித்தான் போடுவார். பருத்த, பச்சை மாறாத காயாகப் பார்த்து விரல் தானாகப் போகும். வாங்குகிறவருக்கும் இது தெரியும். மனதுக்குள் கழித்துக்கொண்டுதான் விலை சொல்லுவார். நானோ அதே பழக்கத்தில் ஆய்வுக்கூடத்துக்கும் பொறுக்கிப் போட்டுவிட்டேன். படித்த முட்டாள் என்றால் அது நான்தான்.

போடிமெட்டுக்கு மேலே எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாகக் கொஞ்சம் ஏலத்தோட்டம். மலை மண்ணைக் கெடுக்காமல் விவசாயம் செய்ய வழி தேடும் ஒரு திறந்த ஆய்வில் சேர்ந்திருந்தோம். என்றைக்கு மருந்தடித்தோம், எவ்வளவு மழை, காயில் எவ்வளவு மருந்து மிச்சம் என்று எல்லாமே பொதுவில் இருக்கும். எந்த நாட்டு ஆய்வாளரும் எடுத்துப் பார்க்கலாம். பதிவுகள் பிளாக்செயினில் ஏறும். ஏறியதை நானே நினைத்தாலும் அழிக்க முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

காயில் மருந்து அநேகமாக இல்லை என்று ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. உடனே ஏற்றினேன். அந்த வாரம் காய் எடுக்கும் பெண்களில் மூத்தவர் என்னிடம் வந்தார்.

"கையெல்லாம் எரியுது தாயி. மருந்தடிச்ச மறுநாளே எடுக்கச் சொல்றீக."

"பாருங்கக்கா, மருந்தே இல்லேன்னு வந்துருச்சு" என்று போனை நீட்டினேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து, முகம் தெரியாத ஓர் ஆய்வாளர் எங்கள் பதிவின் கீழ் கேட்டிருந்தார்: மருந்தடித்த தேதிக்கும் இந்த முடிவுக்கும் பொருந்தவில்லையே, சாம்பிளை எப்படி எடுத்தீர்கள்?

படித்ததும் விளங்கிவிட்டது. பருத்த காயெல்லாம் ஓடையோர மர நிழலில் விளைந்தது. அங்கே நாங்கள் மருந்தடிப்பதே குறைவு. அந்தப் பெண்கள் பெரும்பாலும் காய் எடுப்பது மருந்து அதிகம் அடிக்கும் கீழ்ச்சரிவில். என் தப்பான பதிவைக் காட்டி ஒரு மனுஷியின் வாயை அடைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இந்த முறை எல்லாச் சாக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு அள்ளினேன். காயில் இருந்த மருந்து, அனுமதித்த வரம்பைத் தாண்டியிருந்தது.

"அத ஏத்தாத. வெளிநாட்டுக்காரன் அந்தப் பழைய பதிவப் பாத்துத்தான் காய் கேட்டிருக்கான்" என்றார் அண்ணன்.

"ஏத்தத்தான்ணே போறேன்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?"

ஏற்றினேன். முதல் சாம்பிளைப் பொறுக்கிப் போட்டது நான், அது தவறு என்று எழுதினேன். மருந்தடித்தால், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மருந்துப் புட்டியில் போட்டிருக்கிறதோ அத்தனை நாள் கழியும்வரை அந்தச் சரிவில் காய் எடுப்பதில்லை என்றும் எழுதினேன். மருந்தடித்த தேதியைப் போனில் பார்ப்பது எப்படி என்று அந்தப் பெண்களுக்குக் காட்டிக்கொடுத்தேன். வெளிநாட்டு ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. அண்ணன் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை காய் எடுக்கும் சமயம், காய் முற்றி நின்றது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கீழ்ச்சரிவில் மருந்தடித்த மறுநாள் காலையிலேயே அந்தப் பெண்களின் ஊரில் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தி, "வெரசா ஏறுங்க" என்றார். நானும் கூட நின்றேன். மூத்தவர் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நேத்துத்தான அடிச்சிருக்கீக. நாள் கழியட்டும்ணே, வர்றோம்."

ஒருத்தரும் ஏறவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். "காய் பழுத்து வீணாப் போகும்டி."

"போகட்டும்ணே" என்றேன்.

ஜீப்பு காலியாகவே திரும்பியது.