முகூர்த்தமில்லாத ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஆளில்லை. எனக்கு இது பழகிவிட்டது. பையைத் தூக்கி அங்கே வைத்துவிட்டு, அதோடு பேசாத குறையாகப் போவேன். கைபேசியைத் தள்ளிக்கொண்டே வந்ததில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. பங்க் என்கிற காட்டுக்கத்தல் ராக் இசை வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இடங்களைப் பற்றியது. மதுக்கடையின் பின்னறை, ஈரம் கசியும் நிலவறை, சுவர் முழுக்கக் கிறுக்கிய கழிவறை என்று படங்கள் போட்டிருந்தார்கள். அந்த இடங்களிலெல்லாம் துணிக்கடை வந்துவிட்டதாம். ஆட்கள் தேடிப் போய் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம்.

அதைப் படிக்கும்போதே ஜன்னல் வழியாக மாம்பழக் கூழ் காய்ச்சுகிற வாசனை வந்தது. ஜூன் மாதத்தில் சித்தூர்ப் பக்கம் வந்தவர்களுக்கு அது தெரியும். இனிப்பாக ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தலைவலியில் கொண்டுபோய் விடும். எனக்கு மட்டும் அந்த வாசனை வந்தால் காதுக்குள் பேஸ் கிட்டார் உறும ஆரம்பித்துவிடும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

என் முதல் வேலை அப்படியொரு கூழ்த் தொழிற்சாலையில்தான். கூழின் புளிப்பையும் இனிப்பையும் சோதித்துச் சொல்கிற வேலை. மாம்பழக் காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. அது முடிந்தால் வருஷத்தின் மிச்ச மாதங்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான், நிஜமாகவே ஈ. சித்தூரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சொந்த ஊர் நகரிப் பக்கம். தெரிந்தவர் என்று சொல்ல யாருமில்லை. சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் மறுநாள் காலை வரை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. சாப்பாட்டுக் கடையில் "இன்னொரு கரண்டி சாம்பார்" என்று கேட்பதுதான் சில நாள் என் முழு உரையாடலாக இருந்தது.

சம்பத் வந்து அதை மாற்றினான். குடிபாலா ஊர்க்காரன். எங்கள் தொழிற்சாலைக்கு மின்வேலை பார்க்க வந்தவன், சும்மா நிற்க மாட்டான். ஸ்பானரோ ஸ்க்ரூ டிரைவரோ எது கையில் இருந்தாலும் தட்டிக்கொண்டே இருப்பான். கிடங்கில் அடுக்கியிருந்த காலி இரும்பு டிரம்களை ஒருநாள் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, கோயில் மணி மாரி கேக்குது" என்றான். அன்றைக்கே சிநேகிதமாகிவிட்டோம். அவனுடைய கூட்டாளி டில்லிபாபு, புத்தூர்க்காரன், திருப்பதியில் படித்துக்கொண்டிருந்தான். விடுதியில் எவனோ கொடுத்த குறுந்தகட்டில் பங்க் பாட்டுகளைக் கேட்டுவிட்டு வெறிபிடித்து அலைந்தவன். "சங்கீதம் தெரிய வேணாண்டா, கத்தத் தெரிஞ்சா போதும்" என்று அவன் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கு இரண்டும் தெரியாது. அதனால் சம்பத் டிரம் செட், டில்லி பாட்டு என்று எடுத்துக்கொண்டு, பேஸ் கிட்டாரை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

வெளிநாட்டு நிலவறைகளைப் பற்றி எழுதியவருக்கு எங்கள் அரங்குகளைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலாவது, சம்பத் வீட்டுக் கோழிப் பண்ணை. ஒரு ஈடு கோழி விற்றுப்போய் அடுத்த குஞ்சுகள் வந்திறங்கும் வரை கொட்டகை காலியாகக் கிடக்கும். சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பார்கள். டில்லி எம்பிக் குதித்தால் வெள்ளைத் தூள் கிளம்பி மேடைப் புகைபோல நிற்கும். வாசனையைப் பற்றிக் கேட்காதீர்கள். இரண்டாவது, எங்கள் டிரம் கிடங்கு. காவலாளிக்குக் காது மந்தம், மேலாளருக்கு மாம்பழக் காலம் தவிர அந்தப் பக்கம் வேலையில்லை. நான் பேஸில் ஒரு தந்தியை இழுத்தால் அத்தனை காலி டிரம்களும் சேர்ந்து முனகும். என்னை அவ்வளவு பெரிதாக ஆமோதித்தவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"அங்க போனா கொல்ட்டி, இங்க வந்தா அரவம்" என்பதுதான் எங்கள் முக்கியமான பாட்டு. ஆந்திராவில் பிறந்த தமிழர்கள் நாங்கள். வேலூரில் கால் வைத்தால் எங்களைத் தெலுங்கன் என்று கேலி செய்வார்கள், சித்தூர் அலுவலகங்களிலோ தமிழன் என்று இளக்காரம் செய்வார்கள். அந்த ஒரு வரியைத்தான் டில்லி தொண்டை கிழியும் வரை கத்துவான். கேட்க ஆளே கிடையாது. அதுதான் எங்களுக்குக் குறை.

அந்த வருஷம் சம்பத்தின் அப்பா, அவன் வாயில் நைனா, ஷார்ஜாவில் இருந்த சொந்தக்காரர் மூலமாக அவனுக்கு ஒரு வேலை பிடித்துவிட்டார். ஒரு சாயங்காலம் கிடங்கில் உட்கார்ந்து, குச்சிகளை முழங்காலில் தட்டிக்கொண்டே சொன்னான்: "ஒரே ஒரு தபா நல்ல ஹால்ல வாசிக்கணுண்டா. நம்மள கேட்டு நாலு பேரு எழுந்து நின்னாங்கன்னு வை, நான் போவல. நைனாகிட்ட நானே பேசிக்கிறேன்." அவன் விளையாட்டாகச் சொன்னானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் போய்விட்டால் மறுபடியும் சாம்பார் கரண்டியோடுதான் பேச வேண்டும்.

டில்லி திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தான். மேலாளர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். முகூர்த்தமில்லாத எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் வந்து வாசித்துக்கொள்ளுங்கள், கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனால் போதும் என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் எவன் கல்யாணம் செய்வான்? மாதம் முழுக்க மண்டபம் நம்முடையது என்று முடிவுகட்டி, ஆடியின் கடைசி ஞாயிறைப் பிடித்தோம். ஒத்திகைக்குக் கூடுதலாக நாள் கிடைக்குமே என்று கணக்கு. டில்லி விடுதிச் சுவரெல்லாம் சுவரொட்டி ஒட்டினான்.

ஞாயிறு காலை ஒரு சின்ன வேனில் டிரம் செட்டோடு போய் இறங்கினோம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளேயிருந்து நாயனம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் கறுப்புச் சட்டையில், கல்யாண வீட்டு வாசலில். ஒரு பெண் ஓடிவந்து எங்கள் மேல் பன்னீர் தெளித்துவிட்டுப் போனாள்.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஸ்ராவணம் ஒச்சேசிந்தி கதா பாபு!" என்றார். ஸ்ராவணம் வந்துவிட்டதே! எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. தெலுங்குக்காரர்களுக்கும் கல்யாணமில்லாத மாதம் உண்டு, ஆஷாடம். ஆனால் அது அமாவாசைக் கணக்கு. ஆடி அமாவாசையோடு அவர்களுக்கு ஆஷாடம் முடிந்து ஸ்ராவணம் பிறந்துவிடும், மண்டபம் மண்டபமாகக் கல்யாணம் தொடங்கிவிடும். நமக்கோ அதற்கப்புறமும் ஆடி பாக்கியிருக்கும். பிறந்ததிலிருந்து ஆந்திராவில் இருக்கிறோம், பள்ளியில் தெலுங்கில்தான் படித்தோம். இருந்தும் நாள் பார்க்கும்போது மூன்று பேருக்கும் வீட்டுச் சுவரில் தொங்கிய தமிழ் காலண்டர்தான் ஞாபகம் வந்திருக்கிறது. எங்களைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

கல்யாணப் பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. "வந்ததே வந்தீங்க, துன்னுட்டுப் போங்க" என்று எங்களுக்காகத் தமிழில் சொல்லிப் பந்தியில் உட்கார வைத்தார். சுவரொட்டியைப் பார்த்து வந்த விடுதிப் பையன்களும் உட்கார்ந்து, பூர்ணம் போளியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

சம்பத் மட்டும் கிளம்ப மறுத்தான். மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில் டிரம் செட்டை இறக்கிப் பூட்டினான். சமையல்காரரிடம் கெஞ்சி ஒரு பிளக் வாங்கினோம். தாலி கட்டி முடிந்து, நாயனக்காரரும் தவில்காரரும் அங்கேதான் நிழலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்டா தேய்க்கிற பெண்கள் சிலர். அவ்வளவுதான் சபை. வாசித்தோம். அதுவரை அப்படி வாசித்ததில்லை. டில்லிக்குக் குரல் போய்விட்டது. சம்பத் அடித்த அடியில் அண்டாக்கள் அதிர்ந்தன.

முடிந்ததும் தவில்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கை நல்லாத்தான் கீது. எதுக்கு நைனா இவ்ளோ கோவம்?" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சம்பத் குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டான். பிறகு, "தெர்லண்ணா" என்றான்.

திரும்பும்போது வேனில் நான் அவனிடம் மன்றாடாத குறைதான். "அந்தப் பச்ச சேல கட்டுன அக்கா எழுந்து நின்னுச்சுடா, நான் பாத்தேன்."

"அது பைப்ப மூட எழுந்துச்சுடா. தண்ணி வழிஞ்சிக்கினு இருந்துச்சு." சொல்லிவிட்டு என் தோளில் கை போட்டுக்கொண்டான். சித்தூர் வரும் வரை எடுக்கவில்லை.

விநாயகர் சதுர்த்திக்கு முன்பே அவன் ஷார்ஜா போய்விட்டான். நான் வெகுநாள் கிடங்குப் பக்கமே போகவில்லை. ஒருநாள் போய் ஒரு டிரம்மைத் தட்டிப் பார்த்தேன். அழுகை வந்தது, அழுதேன். காவலாளிக்குக் கேட்டிருக்காது.

இப்போது கோழிப் பண்ணை இருந்த இடத்தில் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். தொழிற்சாலை கைமாறி, டிரம் கிடங்கைக் குளிரூட்டிய அறையாக்கிவிட்டார்கள். திருப்பதி மண்டபத்தை இடித்து யாத்ரீகர்களுக்கு லாட்ஜ் கட்டியாயிற்று. அன்று பேருந்திலிருந்து இறங்கி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். படம் எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. டில்லி குப்பம் ஊரில் வாத்தியார், பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்துப் படம் அனுப்புவான்.

சம்பத் மட்டும் வருஷா வருஷம் ஆடி முதல் தேதி கூப்பிடுவான். எடுத்ததும், "மச்சி, ஆடி பொறந்துட்ச்சு. ஹால் காலியா?" என்பான். "இரு, ஸ்ராவணம் எப்போன்னு பாத்துட்டு சொல்றேன்" என்பேன் நான். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். போன வருஷம் கூப்பிடவில்லை. அதற்கு முந்தின வருஷமும். நான் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்து மலையாளத்தில் பேசுகிறார்.

என் வீட்டுச் சுவரில் தமிழ் காலண்டரும் தெலுங்கு காலண்டரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இந்த வருஷம் ஆடி பிறந்து, அமாவாசைக்கு முன்னால், இரண்டிலும் முகூர்த்தமில்லாத ஒரு ஞாயிறு வருகிறது. கேட்டால் உடனே சொல்ல வேண்டுமே என்று பார்த்து வைத்திருக்கிறேன்.