இத்தா அறைக்குப் போன வயர்

இது நடந்தது. கட்டிச் சொன்ன கதையல்ல. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும், நுஸ்ரா டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிக்க மட்டும் யாராலும் ஏலாது. அவர் இப்போதும் நாவுலைப் பக்கம்தான் இருக்கிறார். வீட்டில் போன் அடித்தால் புருஷன் ஸியாம்தான் எழுந்து போய் எடுக்க வேண்டும்.

ஸியாம் திரீவீல் ஓட்டுகிறவர். மழையில் வண்டி சறுக்கிக் கால் முறிந்து வீட்டோடு கிடந்த நேரம் அது. சோற்றுக்கு வழி என்று ஒன்று இருந்ததென்றால் அது நுஸ்ராவின் லேப்டொப்தான். லண்டனில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஒரு பள்ளியில் அவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு டீச்சர் என்றால் உயிர். ஆனால் லைன் வேண்டுமே! இரண்டு வகுப்புகள் பாதியில் அறுந்து போயின. பள்ளியை நடத்துகிற டிலுக்ஷி கொழும்பிலிருந்து பேசினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மிஸ், நீங்க நல்லா படிப்பிக்கிறீங்க. ஆனா வாற சனிக்கிழமையும் லைன் விழுந்தா நான் வேற ஆள் பாக்கத்தான் வேணும்."

அந்த ஊருக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. மொபைல் டேட்டாவை மலை மறைத்துவிடும். மிஞ்சியது வீட்டுக்கு வரும் பழைய டெலிபோன் லைன் ஒன்றுதான்.

வீடு அவர்களுடையதல்ல. லாபிர் ஹாஜியார் மௌத்தான பிறகு, அவர் மனைவி உம்மு குல்தூம் மாமிக்குத் துணையாக இருக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் பின்பக்கத்தை இவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். மாமி நடு அறையில் இத்தா இருந்தார். புருஷன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அறை வாசலில் தடித்த திரை. சாப்பாடு கொண்டுபோவது நுஸ்ராதான். மாமி வெள்ளை உடுப்பில் கட்டிலில் சாய்ந்திருப்பார். பக்கத்தில் பழைய டெலிபோன். ரிசீவர் எப்போதும் அவர் காதில்.

பேசமாட்டார், கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு கையால் சோறு பிசைவார், மறு கை ரிசீவரை விடாது. அதைப் பற்றி மட்டும் எதுவும் கேட்காதே, மனிசன் போன கவலை, தன்னால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்கள். நுஸ்ராவும் கேட்கவில்லை. பாவம், ஹாஜியார் பேசுவதாக நினைத்துக்கொண்டு இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. ஸியாமை அவர் கூடப்பிறந்த நானா மாத்தளை ஆஸ்பத்திரிக்கு கிளினிக் கூட்டிப் போயிருந்தார். டவுனில் லைன் வேலை பார்க்கிற சசிக்குமார் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வகுப்பு இரண்டரைக்கு என்று நுஸ்ரா சொன்னதும், டீ கூட வேண்டாமென்று வேலையில் இறங்கினார்.

வெளிச்சுவர்ப் பெட்டியில் ரவுட்டரை நேரே கொழுவி லைனைப் பார்த்தார். பறந்தது. வீட்டு வயரில் கொழுவினார். படுத்துவிட்டது. அப்படியென்றால் கோளாறு வெளியில் இல்லை, வீட்டுக்குள்தான் என்றார். முன் ஹோலில் இருந்த சொக்கட்டைக் கழற்றினார், ஸ்ப்ளிட்டரை மாற்றினார், குசினிப் பக்கத்து இணைப்பைப் பிடுங்கிப் போட்டார். ஒன்றும் அசையவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"எங்கயோ இன்னொரு போனைத் தூக்கி வச்சிருக்காங்க மிஸ். அதுதான் லைனைத் தின்னுது. ஹோல் போனை எடுத்து டோன் வருதான்னு பாருங்க."

நுஸ்ரா எடுத்துக் காதில் வைத்தார்.

டோன் இல்லை. பேசிக்கொண்டிருந்த ஒருவர், ஆள் வருவதைக் கண்டு சட்டென்று வாயை மூடிக்கொள்வாரே... அந்த மாதிரி ஓர் அமைதி. பிறகு ஒரு மூச்சு. மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டது. மாமியின் மூச்சுதான் என்று நுஸ்ரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரிசீவரை வைத்தார்.

சசிக்குமார் கூரைப் பலகையோரமாகப் போன வயரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அது நடு அறைச் சுவருக்குள் நுழைந்தது. திரையருகே போனவரை நுஸ்ரா தடுத்து, மாமி இத்தா இருக்கிறார் என்றார். அவருக்கா தெரியாது, பாதிச் சீவியம் முஸ்லிம் வீடுகளில் வயர் இழுத்தவர். மறு பேச்சின்றிப் பின்வாங்கினார். அந்த அறைச் சொக்கட்டில் மாட்டுவதற்கு ஒரு ஃபில்டர் இருந்தால் போதுமாம், ஆனால் இப்போது அதையெல்லாம் எந்தக் கடையும் வாங்கி வைப்பதில்லையாம்.

நுஸ்ரா உள்ளே போய்க் கெஞ்சினார். மாமி, ஒரு மணித்தியாலம் மட்டும் போனைக் கீழே வைக்க முடியுமா, என் வேலையே போய்விடும் என்றார். மாமியின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மாட்டேனென்று தலையை ஆட்டினார்.

"வைக்க ஏலாது மகள். நான் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

நுஸ்ராவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வெளியே வந்து நடந்ததைச் சொன்னார். சசிக்குமார் குரலைத் தாழ்த்தினார். வயரை வெட்டத் தேவையில்லை, சுவருக்கு வெளியே உள்ள இணைப்பில் இரண்டு கம்பியைக் கழற்றி வைத்தால் சரி, வகுப்பு முடிந்ததும் நீங்களே திரும்ப மாட்டிவிடலாம், மாமிக்குத் தெரியவே தெரியாது என்றார். எப்படி மாட்டுவதென்றும் காட்டிக்கொடுத்தார்.

நுஸ்ரா சரி என்று தலையாட்டினார். கம்பி கழன்றது.

அந்தக் கணமே உள்ளே மாமி, "யா அல்லாஹ்" என்றது கேட்டது.

லைன் பறந்தது. சசிக்குமார் போய்விட்டார். இரண்டரைக்கு வகுப்பு தொடங்கியது. பதினொரு பிள்ளைகளின் முகமும் கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. டிலுக்ஷியும் ஓரத்தில் இருந்து பார்த்தார். நுஸ்ரா பாட்டுச் சொல்லிக்கொடுத்தார், கதை சொன்னார். இப்படியொரு வகுப்பு அவர் வாழ்நாளில் எடுத்ததில்லை.

ஒன்றே ஒன்று. ஹெட்போனில் ஒரு மூச்சு.

ஏதோ ஒரு பிள்ளையின் மைக் என்று நினைத்தார். எல்லாரையும் மியூட் செய்தார்.

மூச்சு நிற்கவில்லை... மெதுவாக இழுத்து... மெதுவாக விட்டது.

ஹெட்போனைக் கழற்றப் போனார். ஆனால் வேலை! டிலுக்ஷி பார்த்துக்கொண்டிருக்கிறார். நுஸ்ரா சிரித்த முகத்தோடு பாடத்தை முடித்து, பிள்ளைகளுக்குக் கைகாட்டி, லேப்டொப்பை அணைத்து மூடினார். எழுந்து போய் முகம் கழுவினார். சரியாக மூன்று நாற்பதுக்கு டிலுக்ஷியின் அழைப்பு வந்தது.

அடுத்த வாரத்திலிருந்து நிரந்தரம் என்று சொன்னதும் நுஸ்ரா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டு அழுதார். டிலுக்ஷியும் சிரித்தார்.

"அதோட மிஸ், உங்க வீட்டுப் பெரியவருக்கும் தேங்க்ஸ் சொல்லிருங்க. நீங்க போன பிறகும் அவர் இருந்து பிள்ளைகளோட பேசினார். ஒவ்வொரு பிள்ளைட பேரையும் ஆசையா கேட்டார்."

"...யாரு?"

"முகம் காட்டல்ல. வயசான ஆம்பிளைக் குரல் மட்டும்தான். பிள்ளைகள் எல்லாரும் பேர் சொன்னாங்க. இப்பதான் முடிஞ்சிச்சு."

நுஸ்ரா லேப்டொப்பைப் பார்த்தார். மூடியபடி இருந்தது. தொட்டுப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது.

வீட்டில் ஆண்பிள்ளை என்று ஒருவரும் இல்லை.

நடு அறைக்கு எப்படி ஓடினாரென்று அவருக்கே தெரியாது. திரையை விலக்கினார். மாமி கட்டிலில் இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ரிசீவர் நிலத்தில் கிடந்தது.

"வயரைக் கழட்டினீங்களா மகள்?"

நுஸ்ரா ஓமென்று தலையசைத்தார். மாமி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மாமியின் கை ஜில்லென்றிருந்தது.

"ஹாஜியார்தான் பேசுறார்னு நெனச்சீங்க, இல்லையா? அவருக்கு வாதம் வந்து ரெண்டு வருஷம் ஒரு சொல்லும் பேசல்ல மகள். பேசாமத்தான் மௌத்தானார். மௌத்தானவங்க போன்ல பேச மாட்டாங்க. அவர்ட குரல்ல வேற ஒண்ணு பேசுது."

"என்ன... என்ன பேசுது?"

"பேர் கேக்குது. வீட்டுல யார் யார்னு கேக்குது. உங்க பேரையும் ஸியாம்ட பேரையும் எத்தனை தரம் கேட்டிச்சு தெரியுமா? நான் ஒண்ணும் சொல்லல்ல. காது குடுத்துக் கேக்க ஆள் இருந்தா அது வேற எடத்துக்குப் போகாது. அதுதான் நான் போனை வைக்கல்ல."

மாமி நுஸ்ராவின் முகத்தையே பார்த்தார்.

"யாரும் பேர் சொன்னாங்களா மகள்?"

நுஸ்ரா கையை உருவிக்கொண்டார். வெளியே ஓடி, கம்பி இரண்டையும் மாட்டினார். ஒரு தரம் நழுவியது. திரும்பவும் மாட்டினார். அறைக்கு வந்தபோது மாமி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். நின்ற இடத்துக்கே டோன் கேட்டது. சுத்தமான, நீளமான டோன்.

மாமி ரிசீவரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இங்க இல்ல மகள். அது போயிட்டுது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் லைன் ஒருநாளும் விழுந்ததில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் பதினொரு பிள்ளைகளும் வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணியபோதுதான் நுஸ்ராவுக்கு மூச்சே வந்தது. இவ்வளவுதான், முடிந்தது, அல்லாஹ் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்தார்.

அப்போது அனுஷியா கையை உயர்த்தினாள். இருக்கிறவர்களிலேயே சின்னவள். அவள் அம்மா மாதமாக இருப்பது வகுப்புக்கே தெரியும்.

"டீச்சர், அந்தத் தாத்தா எங்கட வீட்டு போனுக்கு எடுத்தவர். அம்மாட வயித்துக்குள்ள இருக்கிற பபாக்கு என்ன பேர் எண்டு கேட்டவர்."

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"இன்னும் பேர் வைக்கேல்லை எண்டு சொன்னனான்."

பிள்ளை சிரித்தாள்.

"அப்ப தானே வந்து வைக்கிறாராம்."