பருத்தி அறையில் சடையன்

எருத்தேன்பதி ஊர் நாச்சம்மாளுக்கு உறவுக்காரர்களைவிட நாயைப் பிடிக்கும். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. முப்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், எட்டு ஏக்கர் கரிசலில் பருத்தியும் சோளமும் போட்டுத் தனியாளாகப் பண்ணையம் பார்த்தாள். மாசியில் மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழா வந்தால் மட்டும் வீட்டில் இருபத்தைந்து பேர் வந்து இறங்குவார்கள். வாயைத் தவிர எதற்கும் வேலை கொடுக்கமாட்டார்கள்.

அந்த மூன்று நாளும் அவள் நாய் சடையனுக்கு நரகம். பிள்ளைகள் வாலை இழுக்கும். பெரியவர்கள் எலும்பைக் காட்டிக் காட்டி மறைப்பார்கள். கோயிலில் கதினா வெடி போட்டால் நடுங்கிப்போய்க் குதிருக்குப் பின்னால் புகுந்துகொள்ளும். 1926-ஆம் வருஷம் அது ஒரு சம்பந்தியம்மாளின் கையைக் கவ்விவிட்டது. தோலில் பல் பட்டதோடு சரி. ஆனால் அந்தம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து ஊரே வந்துவிட்டது.

அடுத்த வருஷம் நாச்சம்மாள் முந்திக்கொண்டாள். பருத்தி மூட்டை அடுக்கிய பின்னறையில் தன் பழைய சேலையை விரித்தாள். வெளியே எழும் சத்தத்தை மூட்டைகள் விழுங்கிவிடும். காலையிலேயே சடையனைக் காட்டில் ஓடவிட்டு அலுப்பாக்கி, கம்பஞ்சோறும் தண்ணீரும் வைத்து உள்ளே விட்டாள்.

புருஷனின் தம்பி பொங்கியண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. ஊரிலேயே பெரிய குரல் அவருடையது. மீசையும் அதற்குத் தகுந்த அளவு. அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் அழைப்பார்.

"ஏனுங்க நங்கை, நாயிக்குத் தனி அறை, எங்களுக்குப் படுக்கக் களமுங்களா? அதட்டி ரெண்டு வெச்சாச் சரியாப் போயிருமுங்க."

"உங்களையும் அதட்டித்தான் எங்க மாமியா வளத்துனாங்க. சரியாப் போயிருச்சுங்களா?"

பந்தியே சிரித்தது. பொங்கியண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து, நாயைத் தான் அடக்கிக் காட்டுவதாகப் பின்னறைக்குப் போனார். கதவு திறந்த நேரம், கோயிலில் கதினா மூன்று முறை வெடித்தது.

நாய் கடித்துவிடுமோ என்று நாச்சம்மாள் பின்னாலேயே ஓடினாள். கதவு உள்ளிருந்து சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தால், இரண்டு மூட்டைகளுக்கு நடுவே பொங்கியண்ணன் குந்தியிருந்தார். கண்ணை இறுக மூடி, காதுகளைப் பொத்தியிருந்தார். சடையன் அவர் முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டில் எது அதிகம் நடுங்குகிறது என்று சொல்வது கஷ்டம்.

நாச்சம்மாளின் நாக்கு நுனியில் நல்ல நல்ல வார்த்தைகள் வந்து நின்றன. அத்தனையையும் விழுங்கினாள். வாழ்க்கையில் அவள் செய்த கஷ்டமான காரியங்களில் அது ஒன்று.

"கையை அது முதுகுல வெச்சுக்குங்க. தட்ட வேண்டாம், சும்மா வெச்சிருங்க. அதுக்குப் பயம் தெளியும்."

"அதுக்குத்தானுங்க நானும் வந்தேன்" என்றார் பொங்கியண்ணன். குரல் அவருடையதாகவே இல்லை.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவர் மனைவி மருதாத்தாள், "அக்கா, அவரைக் காணமுங்களே" என்றாள்.

"நாயி பயப்படுதுன்னு தொணைக்கு உக்காந்திருக்காரு."

"பெத்த புள்ளை அழுதாக்கூடத் திரும்பிப் பாக்காத மனுசனுங்களா?"

அந்த நோம்பியில் யாருக்கும் கடி விழவில்லை. அதன்பின் ஒவ்வொரு வருஷமும் வெடிக்கு முன்னரே பொங்கியண்ணன் பருத்தி அறைக்குள் போய்விடுவார், சடையனுக்குக் கருவாட்டோடு. அவர் இல்லாத பந்தியும் அமைதியாக நடந்தது.

சடையன் செத்த வருஷம், நோம்பிக்கு வரமுடியாது, வேலை இருக்கிறது என்று பொங்கியண்ணன் சொல்லியனுப்பினார். நாச்சம்மாள் ஒரு குட்டியை வாங்கிவந்து, இதற்கும் வெடி என்றால் ஆகாது, துணைக்கு ஆள் வேண்டும் என்று பதில் அனுப்பினாள். மறுநாளே அவர் வண்டி வாசலில் நின்றது.

குட்டிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதை அவர் கண்டுபிடித்தாரா என்று நாச்சம்மாளுக்குத் தெரியவில்லை, அவள் கேட்கவும் இல்லை.