சிஸ்டருக்கு ஒரு டம்ளர் காபி

என் மனைவிக்கு நிமோனியா வந்தபோது எங்கள் படுக்கையறை ஆஸ்பத்திரி வார்டாக மாறியது. சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, மீதிச் சிகிச்சையை வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே தரலாம் என்றார்கள். டாக்டர் தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுவார். நர்ஸ் காலையும் மாலையும் வந்து டிரிப்பில் மருந்து ஏற்றுவார். சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் பாட்டிலை மாட்டினோம். நிபந்தனை ஒன்றுதான். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தொண்ணூறுக்குக் கீழே காட்டினால், திரும்ப வார்டுக்குப் போய்விட வேண்டும்.

அவளுக்கு வார்டு என்றாலே நடுக்கம். அங்கே ராத்திரியிலும் விளக்கை அணைக்க மாட்டார்கள் என்பாள். எனக்கோ வீட்டில் வைத்திருப்பதுதான் நடுக்கம். பாட்டிலில் சொட்டுகளை எண்ணினேன். அவள் தூங்கும்போது மூச்சை எண்ணினேன். கண்ணைத் திறக்காமலே கண்டுபிடித்துவிடுவாள்.

"ஃபேன் இறக்கையையும் எண்ணிடுங்க. ஒண்ணு கம்மியா இருக்கப் போவுது."

அவளுக்கு இருந்த ஒரே குறை, நர்ஸ் எங்கள் வீட்டில் காபி குடிக்காததுதான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பத்துப் பெண். "டியூட்டியில எதுவும் சாப்பிடறதில்லம்மா" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார்.

"வீட்டுக்கு வந்த பொண்ணு வாய் நனைக்காம போவுது. உங்க காபியப் பாத்தே பயந்துடுச்சு" என்பாள் என்னிடம்.

பௌர்ணமியன்று சாயங்காலம் நர்ஸ் வரத் தாமதமானது. ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம், வண்டிகள் நகரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நான் வர்ற வரைக்கும் அசையாத" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்குப் போய் நின்றேன். அவள் உடனே தலையாட்டினாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டுகிறவள் இல்லை. எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஒருவழியாக நர்ஸின் ஸ்கூட்டி வந்தது. உள்ளே வந்ததும் கருவியை மாட்டினார். எண்பத்தெட்டு. வேறு விரலில் மாட்டினார். அதே எண்பத்தெட்டு. நாடியும் எகிறியிருந்தது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் அனுப்புவதாக டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. என் மனைவி போர்வை ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பீரோவைத் திறந்து கைக்கு வந்ததைப் பையில் திணித்தேன். வழிக்கு வெந்நீர் வேண்டுமே என்று பிளாஸ்க்கை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். மேடையில் தட்டு போட்டு மூடிய ஒரு டம்ளர். திறந்தால் ஆவி பறந்தது. மத்தியானத்துக்குப் பிறகு நான் அடுப்பையே பற்றவைக்கவில்லை.

டம்ளரோடு படுக்கையறைக்குத் திரும்பினேன். "இது யார் போட்டது?"

என் மனைவி சுவரைப் பார்த்தாள். நர்ஸ் டம்ளரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அம்மா, எழுந்து நடந்தீங்களா?"

"கிச்சன் இங்கதான இருக்கு. ஒரு டம்ளர்தாம்மா."

"எப்போ?"

"இப்பதான். வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடியாந்து படுத்துட்டேன்."

"ஓடி வேற வந்தீங்களா!"

நர்ஸ் மறுபடியும் டாக்டரிடம் பேசினார். கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கட்டும், பிறகு பார்த்து முடிவுசெய்யலாம் என்றார் டாக்டர். நர்ஸ் அவளைத் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்தார். நான் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன். எண் மெல்ல ஏறியது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று அவள் கேலி செய்யவில்லை, அவளும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று நாலில் வந்து நின்றது.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் யாராவது பிடித்துக்கொள்ளாமல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது.

நர்ஸ் பாட்டிலை மாட்டிச் சொட்டைச் சரிசெய்துவிட்டு என்னிடம் கை நீட்டினார். "அதக் குடுங்க சார்."

"ஆறிப்போச்சேம்மா."

"பரவால்ல. குடிக்கலன்னா நாளைக்கும் ஓடுவாங்க."

அவர் குடித்து முடிக்கும்வரை என் மனைவி கண்ணெடுக்கவில்லை. "சக்கர போதுமா கண்ணு?"

"ஜாஸ்திம்மா."

"அவசரத்துல ரெண்டு தரம் போட்டுட்டேன் போல."

நர்ஸ் போன பிறகு பையைத் திறந்தேன். ஏழு பட்டுப்புடவைகள் இருந்தன. துண்டு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாக பீரோவில் திரும்ப அடுக்கினேன்.

அவள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க, ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போக இருந்தீங்க, கல்யாணத்துக்கா?"