ஆற்றங்கரைக் கட்டைக்குக் காவல்

பத்துமலை தன் கல்யாணத்தன்று மணவறையிலிருந்து எழுந்து போய் அடுப்புக்குக் கட்டை போட்டுவிட்டு வந்தவர். ரப்பர் தாள்களைப் புகையில் காயப்போடும் புகைக்கூடத்தில் அவருக்கு வேலை. "நெருப்பு அணையக் கூடாது" என்று தோட்டத்துத் துரை என்றைக்கோ சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு விலக்கு உண்டென்று துரை சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. முகூர்த்த நேரத்துக்குள் வேர்வையும் புகையுமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மணப்பெண் நவமணி தும்மிக்கொண்டே கழுத்தை நீட்டினாள். அதை அவள் மறக்கவும் இல்லை, மற்றவர்களை மறக்க விடவும் இல்லை.

நான் அவர்களுக்கு அடுத்த வீடு. மலேசியாவில் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள், நடுவில் பலகைச் சுவர். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் இருமல் வரும். ஆகவே அவரைப் பற்றி நான் சொல்வது எதுவும் கேள்விப்பட்டதல்ல. லயத்தில் அவருக்கு 'ஆர்டர்' என்று பட்டப்பெயர். ஆர்டர் போடுகிறவர் என்பதால் அல்ல, கேட்கிறவர் என்பதால். ஒரு தடவை ஈப்போவில், புல்லில் நடக்கக் கூடாது என்ற பலகையைப் பார்த்துவிட்டு, திடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப்போய் பஸ்ஸைத் தவறவிட்டார். புல்லை மிதித்து ஓடிப்போன நாங்களெல்லாம் பஸ்ஸில் வந்தோம். நல்ல மனிதர்தான். நல்ல மனிதரோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று நவமணியைத்தான் கேட்க வேண்டும்.

எழுபதாம் ஆண்டு எங்களுக்கு இரண்டு சனியன்கள் சேர்ந்து வந்தன. ஒன்று புதுச் சட்டம். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு இனி வேலை பெர்மிட் கிடையாது என்றது. பத்துமலையின் தங்கை வீரம்மாவின் புருஷன் சீனிக்குச் சிவப்பு அட்டை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், குடும்பத்தோடு பினாங்கில் கப்பலேறி, தான் பார்த்தே இராத இந்தியாவுக்குப் போக வேண்டியதாயிற்று. தாய் செத்த பிறகு வீரம்மாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் பத்துமலை. அவளுக்கு ஒரே பெண் குழந்தை. எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழாவில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து அதற்குக் காது குத்துவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது சனியன் காலரா. எங்கள் லயத்திலேயே இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்தை அடைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லை, கள்ளுக்கடை இல்லை, திருவிழாவும் இல்லை. ஆற்றுத் தண்ணீரைத் தொடக் கூடாது, எதையும் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்கக் கூடாது என்று ஒலிபெருக்கி வண்டி கத்திவிட்டுப் போனது. கேட்டைத் தாண்டி வெளியே போனவன் அடைப்பு நீங்கும்வரை உள்ளே வர முடியாது, வேலையும் போய்விடும் என்று ஆபீஸில் சொன்னார்கள். போதாதற்குப் பூசாரி இராமசாமி, நோய் விலக வேண்டும் என்று அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார். காப்புக் கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டி ராத் தங்கக் கூடாது.

அந்தச் சமயம் பார்த்து அக்கரையிலிருந்து சேதி வந்தது. மாடு மேய்க்கிறவன் ஒருவன் ஆற்றோரம் நின்று, இந்தப் பக்கம் வேலியோரம் நின்ற எங்கள் லாரிக்காரரிடம் கத்தினானாம். வீரம்மா பினாங்கு போகும் வழியில் கரைக்கு வருவாள். குழந்தையும் வரும், காது குத்த ஆசாரியும் வருவார். என்றைக்கு என்று தெரியாது. லாரி கிடைக்கும்போது வருவாள்.

பத்துமலை சேதியைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "கரையில கூடாரம் போட்டுத் தங்கிக்கிறேன்" என்றார்.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கூடாரம் போட்டுத் தங்குவதெல்லாம் துரை வீட்டுப் பிள்ளைகள் செய்வது. எங்கள் ஆட்கள் கூரைக்கு அடியில் இருந்தே போதுமான அளவு நனைந்தவர்கள்.

"இருட்டினதும் வேலிக்குள்ள பூந்து போயிருங்க லா. எவன் பாக்கப்போறான்?" என்றேன்.

"போலாம் மாரியக்கா. நாளைக்கு எங்க போனேன்னு கேட்டா என்ன சொல்றது?"

"ஏதாச்சும் பொய் சொல்லுங்க."

"அதுக்கும் ஆர்டர் இல்லியே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தங்கை நாடு விட்டுப் போகிறாள், இந்த மனிதர் ஆர்டர் பார்க்கிறார். அவர் கோபப்படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அனுமதி கேட்கக் கிளம்பினார்.

முதலில் பூசாரி. "காப்புக் கட்டுனப்ப அடிச்ச உடுக்கைச் சத்தம் ஆத்து வரைக்கும் போச்சு. ஆத்தங்கரை ஆத்தா எல்லைதான். தாராளமா படு" என்றார் இராமசாமி. அம்மன் விட்டுவிட்டாள்.

அடுத்து, மருந்து தெளிக்க வந்த சுகாதார இலாகாக்காரர். அவர் மலாய்க்காரர், பொறுமைசாலி. ஆற்றோரம் அரசாங்க நிலம், கூட்டம் கூடத்தான் தடை, ஓர் ஆள் கூட்டம் ஆகாது, தண்ணீரை மட்டும் தொடாதே என்று விளக்கினார். அரசாங்கமும் விட்டுவிட்டது.

மிச்சம் இருந்தது தோட்டம். அதற்கு ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் கிராணி அருளம்பலத்தைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். எங்களோடு சிரித்துப் பேசினால் சம்பளம் குறைந்துவிடும் என்பது மாதிரி இருப்பார். அவரும் பத்துமலையும் பேசியதை ஆபீஸ் வாசலைக் கூட்டிக்கொண்டே கேட்டேன். அன்றைக்கு வாசல் மிகவும் சுத்தமானது.

"வேலியோட தோட்டம் முடிஞ்சுது. அங்கால அரசாங்கக் காணி. போனால் வெளியில போனதாத்தான் கணக்கு" என்றார் கிராணி.

"சரிங்க ஐயா" என்றார் பத்துமலை. ஆனால் நகரவில்லை. அவர் 'சரி' என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"என்னத்துக்கு நிக்கிறீர்?"

"தங்கச்சிங்க ஐயா. கப்பலுக்குப் போவுது."

கிராணி பேனாவை மூடி வைத்தார். அப்புறம் கேட்டார்: "புகைக்கூடத்துக் கட்டையெல்லாம் எங்க கிடக்கு?"

"ஆத்தோரம் அடுக்கிக் கெடக்குங்க."

"வேலிக்கு அங்காலயோ?"

"ஆமாங்க."

"தோட்டத்துச் சாமானை வெளியில போட்டிட்டு ஒருத்தரும் காவல் இல்லையோ? உமக்கு விசரே? போய்க் காவல் இரும். நெருப்பை வேற ஆள் பாக்கட்டும். நான் கூப்பிடுமட்டும் வரப்படாது."

அந்தக் கட்டையை எந்தத் திருடனும் திரும்பிப் பார்த்ததில்லை. அதைத் தூக்குவதைவிட உழைத்துப் பிழைப்பது சுலபம். ஆனாலும் ஆர்டர் ஆர்டர்தான். பத்துமலை மத்தியானமே லாரித் தார்ப்பாயைக் கட்டைக் குவியலில் கட்டிக் கூடாரம் போட்டுவிட்டார். "கல்யாணத்தன்னிக்கும் கட்டை, இன்னிக்கும் கட்டை" என்று முணுமுணுத்துக்கொண்டே நவமணி சுடுதண்ணீரும் சோறும் வேலிவரை கொண்டுபோய் வைப்பாள். கொசு அவரைப் பிய்த்தது. மழையும் பெய்தது. அவர் நாள் முழுக்க அக்கரையையே பார்த்துக்கொண்டு கட்டைக்குக் காவல் இருந்தார்.

ஒரு காலையில் அக்கரையில் லாரி வந்து நின்றது. நவமணியும் நானும் வேலிக்கு ஓடினோம். அதற்கு மேல் போகக் கூடாது. வீரம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். ஆறு ஒன்றும் பெரிய ஆறில்லை. கல்லெறிந்தால் அந்தப் பக்கம் விழும். மற்ற நாளாக இருந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய்விடலாம்.

"அண்ணே, இந்தப் பக்கம் வர மாட்டியா?"

"தண்ணியத் தொடக் கூடாது, வீரம்மா."

"அப்ப மடிக்கு என்னா பண்றது? அங்க போனா இவளுக்கு மாமன்னு யாரு இருக்கா?"

பத்துமலை திரும்பி எங்களைப் பார்த்தார். எந்த ஆர்டரும் கைகொடுக்காத முகம் அது. நவமணி வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு வாளி இருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. உள்ளே அவருடைய கல்யாணப் பட்டு வேட்டி. கொதிக்க வைத்திருந்தாள். பட்டு சுருங்கி, கரைச் சாயம் போய், பார்க்கச் சகிக்கவில்லை.

"கொதிக்க வச்சாச்சு. யாரும் ஒன்னும் சொல்ல முடியாது. ஒரு கல்ல வச்சுக் கட்டித் தூக்கிப் போடுங்க. மடியில கட்டுன வேட்டிதானே, அதையே மடியா நெனச்சுக்கட்டும்" என்றாள்.

அவர் வேலிக்கு வந்து அதை வாங்கிப்போய், சுருட்டிக் கட்டி வீசினார். சீனி பிடித்துக்கொண்டான். வேட்டியை நாலாக மடித்து மணலில் விரித்து, குழந்தையை அதன்மேல் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். இந்தப் பக்கம் பத்துமலை சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் முன்னால் வளைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. அவர் முழங்காலை ஆட்டினார். "ஒன்னுமில்ல கண்ணு, ஆச்சு, ஆச்சு" என்று தன் வெறும் மடியைப் பார்த்துச் சொன்னார். அக்கரையில் அழுகை ஓய்ந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார். நவமணி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன். எனக்கென்ன வெட்கம்.

வீரம்மா மணலில் விழுந்து கும்பிட்டாள். வேட்டியைக் குழந்தைக்குச் சுற்றிக்கொண்டு லாரியில் ஏறினாள். தூசி அடங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அவள் போன பிறகும் அவர் வீட்டுக்கு வரவில்லை. கிராணி கூப்பிடவில்லையே. அடைப்பு நீங்கி, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நாங்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் நின்றபோதுதான் அவருக்கு ஆள் போயிற்று. தாடியும் கொசுக்கடியுமாக வந்து நின்றார்.

"காவல் எப்பிடி? ஏதும் காணாமல் போச்சோ?" என்று கேட்டார் அருளம்பலம். எல்லார் முன்னாலும் அவர் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"கட்டையெல்லாம் இருக்குங்க ஐயா" என்றார் பத்துமலை. காவலுக்குப் போனவன் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதால் கொஞ்சம் நின்று, மிச்சத்தையும் சொன்னார். "தங்கச்சிதாங்க போயிருச்சு."

 கிராணி பெயர்ப் புத்தகத்தை மூடினார்.

"சரி, போய் நெருப்பைப் பாரும்" என்றார்.

பத்துமலை போய் நெருப்பைப் பார்த்தார்.